இருபத்தேழாம் நம்பர் கேசட்

ஹேமநாதனைப் பற்றி, கூலிமிலிருந்து அலோர் ஸ்டார் வரைக்கும் பழைய வீடியோ கேம் சேர்க்கிறவர்களிடம் விசாரித்துப் பாருங்கள். முதலில் ஒரு சிரிப்பு வரும். அதற்குப் பிறகுதான் மரியாதை வரும். மரியாதை அவன் கைவேலைக்கு. ஓடாத கேசட்டை ஓட வைத்துக் கொடுப்பதில் கெடா மாநிலத்திலேயே அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. சிரிப்பு எதற்கென்றால், மற்றவர்களெல்லாம் தங்களிடம் இல்லாத கேசட்டைத் தேடி அலைவார்கள். இவன் வீட்டில் முப்பத்தெட்டு இருக்கிற அதே கேசட்டை முப்பத்தொன்பதாவதாகவும் தேடி அலைந்தான்.

லூனாஸில் அவனும் அம்மாவும் இருக்கும் மலிவுவிலை வீட்டின் நடு அறையில் சுவர் நெடுக அலமாரி. ஜப்பான் விளையாட்டுப் பெட்டி, தைவான் பெட்டி, சாம்பல் கேசட், மஞ்சள் கேசட் என்று எல்லா ரகமும் அதில் உண்டு. நடுத்தட்டில் மட்டும் ஒரே முகம் முப்பத்தெட்டுத் தடவை: மலை உச்சியில் ஒரு கோட்டை, கீழே வாள் பிடித்த ஒரு பொடியன். ஜப்பான் எழுத்தில் என்னவோ பெயர் போட்டிருக்கும். ஹேமநாதன் அதைக் கோட்டைக் கேசட் என்றுதான் சொல்வான். வாங்கி வந்ததும் திருகாணியைக் கழற்றி பிளாஸ்டிக் ஓட்டுக்குள்ளே ஒரு பார்வை பார்ப்பான். பிறகு மூடித் தட்டில் வைத்துவிட்டு, ஒரு வாரத்துக்கு யாரிடமும் சரியாகப் பேச மாட்டான். ஏன் இப்படி என்று கேட்டால் "சும்மாலா" என்பான். சும்மாவாம்! நாற்பத்து மூன்று வயதுக்காரன், கம்பெனியில் பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு, லீவு நாளில் ஈப்போ வரைக்கும் காடி ஓட்டிப்போய் சும்மா ஒரு கேசட்டை வாங்கி வருவானாம்.

சேர்க்கிறவர்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. எதைத் தேடுகிறாய் என்பதை மட்டும் வாய் திறந்து சொல்லக் கூடாது. சொன்னால் விலை ஏறும். அதைவிட மோசம், நீ கேட்ட அடையாளத்தோடேயே போலிச் சரக்கு ஒன்று பத்து நாளில் வந்து நிற்கும். ஹேமநாதன் இதைச் சாமி வாக்காக எடுத்துக்கொண்டான். அதனால் அவன் தேடிக்கொண்டிருப்பது செத்துப்போன தம்பியின் கேசட் என்பது அம்மாவைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

தம்பி பெயர் குகன். தொண்ணூற்றாறில் அவனுக்குப் பன்னிரண்டு வயது, ஹேமநாதனுக்குப் பதினைந்து. பாடாங் மேஹா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் லயத்து வீடு. சிங்கப்பூரில் வேலை பார்த்த மாமா, அங்கே யாரோ வேண்டாமென்று தூக்கிப்போட்ட விளையாட்டுப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். கூட வந்தது இந்த ஒரே கேசட். மாற்றிப் போட இன்னொன்று கிடையாது. ஜப்பான் எழுத்து மருந்துக்கும் புரியாது. ஆனாலும் பையன்கள் விட்டார்களா? எந்த எழுத்தைத் தொட்டால் நெருப்பு வரும், எதைத் தொட்டால் காயம் ஆறும் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, பள்ளி நோட்டில் வரைந்து வைத்து, அந்த ஆட்டத்தை ஒரு பாடமாகவே படித்துவிட்டார்கள்.

ஆட்டத்தில் நாலு பேர் சேர்ந்து கோட்டைக்குப் போக வேண்டும். நாலு பேருக்கும் நாமே பெயர் வைக்கலாம், ஆங்கிலத்தில் ஆளுக்கு நாலே எழுத்து. குகன் வைத்த பெயர்கள் ஹேமா, குகா, அம்மா, அப்பா. நாதனுக்கு இடமில்லாமல் அண்ணன் பொம்பளைப் பெயரோடு வாள் தூக்கினான். அதைச் சொல்லிச் சொல்லியே குகன் ஒரு மாதம் சிரித்தான். காயம் ஆற்றுகிறவள் அம்மா. எல்லா அடியையும் முன்னால் நின்று வாங்குகிற தடியன் அப்பா. பேனாவின் பின்பக்கத்தை நெருப்பில் உருக்கித் திருகாணியில் அமுக்கிப் பிடித்துக் கேசட்டைத் திறக்கும் வித்தையையும் குகனே கண்டுபிடித்தான். திறந்து, ஓட்டின் உட்பக்கத்தில் காம்பஸ் முனையால் "குகன் ஹேமா 96" என்று தமிழில் கீறி மூடினான். யாராவது திருடிக்கொண்டு போனால் கண்டுபிடிக்கலாமாம்.

நீளமான ஆட்டம், மாதக்கணக்கில் போகும். பெட்டியை அணைத்தாலும் விட்ட இடம் அழியாமல் இருக்கக் கேசட்டுக்குள் ஒரு சின்ன வட்டப் பேட்டரி வைத்திருப்பார்கள், ஐம்பது காசை விடச் சிறிது. அது உயிரோடு இருக்கும்வரை நாம் சேமித்தது இருக்கும். இருபது வருடம்கூடத் தாங்கும், அதற்கு மேலும் தாங்கும். ஆனால் அதைக் கழற்றினால் அந்த நொடியே எல்லாம் போய்விடும். இந்த ஒன்றை நன்றாக ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வருடம் மழைக்காலத்தில் குகன் கோட்டையின் கடைசிக் கதவு வரைக்கும் வந்துவிட்டான். உள்ளே கடைசிச் சண்டை. ஒரு சனிக்கிழமை மத்தியானம், காய்ச்சல் உடம்போடு உட்கார்ந்துகொண்டு அண்ணனைக் கூப்பிட்டான். ஹேமநாதன் பந்து விளையாடக் கிளம்பிக்கொண்டிருந்தான். பக்கத்துத் தோட்டத்துப் பையன்களோடு போட்டி. வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். திரும்பி வந்தபோது தம்பி சுருண்டு படுத்திருந்தான். டிங்கி என்றார்கள், கொசுக் காய்ச்சல். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உதடு வெடித்துக் கிடந்தவன், அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்.

"ணே, நான் கதவத் தொறக்கல. நாலு பேரையும் கதவுகிட்டயே நிக்க வச்சு சேவ் பண்ணிட்டேன். நீ வந்தாதான் தொறப்பேன்."

மறுநாள் போய்விட்டான். அந்தப் பந்தாட்டத்தில் ஹேமநாதனின் தோட்டம் ஜெயித்தது. இரண்டுக்கு ஒன்று. அதையும் அவன் மறந்ததில்லை.

சின்னப் பிள்ளை என்று புதைத்தார்கள். பிள்ளைக்குப் பிடித்த சாமானைக் கூடவே வைத்து அனுப்ப வேண்டும் என்றார்கள் லயத்து ஜனங்கள். அப்பா முருகையா கேசட்டை வைக்கச் சொன்னார். வைத்துவிட்டதாக அம்மா பிரேமாவதி சொன்னாள். ஹேமநாதன் நம்பினான். தம்பியும் கதவும் ஒரே மண்ணுக்குள் போய்விட்டார்கள், இனி யாரும் யாருக்கும் காத்திருக்க வேண்டியதில்லை என்று அவனுக்கு அதில் ஒரு நிம்மதிகூட இருந்தது. இருபத்து நாலு வருடம் அந்த நிம்மதியில்தான் காலம் தள்ளினான். அப்பா போனார், ரப்பரை வெட்டித் தோட்டத்தில் செம்பனை நட்டார்கள், லூனாஸுக்குக் குடி வந்தார்கள், கம்பெனியில் ஈயம் பற்ற வைக்கக் கற்றுக்கொண்டான். கல்யாணப் பேச்சு இரண்டு மூன்று தடவை வந்து, வந்த வழியே போனது. பிறகு கேசட் சேர்க்க ஆரம்பித்தான். தம்பியோடு போனதைத்தான் சேர்க்கிறோம் என்று அவன் யோசித்துச் செய்யவில்லை. கை அந்தப் பக்கம் போனது, அவ்வளவுதான்.

அப்படித்தான் அலோர் ஸ்டார் கார்த்திகேசு அண்ணனின் பழக்கம் ஏற்பட்டது. கார்த்திகேசு அங்கே ஒரு கடைவீட்டு மாடியில் பழைய வாட்ச், ரேடியோ, கேசட் எல்லாம் வாங்கி விற்கிறவர். எழுபதை எட்டிய மனிதர், பரம்பரை வியாபாரி, சுத்தத்துக்குப் பேர் போனவர். கேசட் எது வந்தாலும் முதலில் கழற்றிவிடுவார். ஓடுகள் சோப்புத் தண்ணீரில் ஊறும். உள்ளே இருக்கிற பச்சை அட்டைகள் மட்டும் பிஸ்கட் டின்னில் அடுக்கி லூனாஸுக்கு பஸ்ஸில் வரும். ஒரு டின்னுக்கு நாற்பது அட்டை. ஹேமநாதன் அவற்றில் பெட்டிக்குள் செருகுகிற உலோகக் காலைத் துடைத்து, பழைய பேட்டரியைக் கழற்றி, புதியதைப் பற்ற வைப்பான். பிறகு புதுப் பேட்டரியின் முகத்தில் மார்க்கர் பேனாவால் தன் பெயரின் முதல் எழுத்தையும் தேதியையும் எழுதுவான். அடுத்து எவன் திறந்தாலும் யார் மாற்றினார்கள், எப்போது மாற்றினார்கள் என்று தெரிய வேண்டுமே. தொழிலில் அது ஒரு மரியாதை. கழற்றிய பேட்டரிகளில் பாதிக்கு இன்னும் உயிர் இருக்கும். இருந்தால் என்ன, வாங்குகிறவன் புதுசைத்தானே கேட்கிறான் என்று எல்லாவற்றையும் ஒரு போத்தலில் போட்டுவிடுவான்.

மாற்றுவதற்கு முன் உள்ளே யாருடைய ஆட்டம் இருக்கிறது என்று அவன் பார்த்ததே இல்லை. அதிலே ஒரு திமிர்கூட இருந்தது. ஒருமுறை தேவகி என்று ஒரு தையல் கடைக்கார அம்மாள் கேசட் ஒன்றைக் கொண்டுவந்து, உள்ளே தன் மகன் பெயர் இருக்கிறது, அது போகாமல் மாற்ற முடியுமா என்று கேட்டாள். முடியும். இன்னொரு பேட்டரியைப் பக்கத்தில் கம்பி கட்டி வைத்துக்கொண்டு செய்யலாம், ஒரு மணி நேர வேலை. ஹேமநாதனுக்குச் சோம்பல். "போன ஆட்டத்த வச்சிக்கிட்டு என்னக்கா செய்யப் போறீங்க, புதுசா ஆரம்பிங்கலா" என்று சிரித்துவிட்டான். அங்கேயே பழையதைக் கழற்றிப் புதுப் பேட்டரி போட்டுக் கொடுத்தான், அவள் வாங்கிக்கொண்டு போனாள். மகன் என்ன ஆனான் என்று இவனும் கேட்கவில்லை.

ஊரடங்கு வந்து எல்லாரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்த வருடம், அம்மா வாயைத் திறந்தாள். இவன் அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவள் பின்னாலிருந்து, வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்.

"அய்யா, அந்தக் கேசட்ட நான் தம்பிகூட வக்கிலடா. மண்ணுல போட கை வரல. அரிசி டின்னுக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தேன். பாக்கப் பாக்க வயிறு எரிஞ்சிச்சு. தோட்டத்த விட்டு வர்றப்ப பழைய பேப்பர் லோரிக்காரன்கிட்ட தள்ளி விட்டுட்டேன்."

அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்கு நன்றாக இருந்திருக்கும். துணியை மடித்து வைத்துவிட்டு வாசலில் போய் நின்றான். மண்ணுக்குள் இருப்பதாக நினைத்த குகன் எங்கேயோ ஒரு மேசை இழுப்பறையில், ஒரு சாக்கு மூட்டையில், கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருக்கிறான். நாலு பேரோடும் நின்றுகொண்டிருக்கிறான். அண்ணன் வருவான் என்று நிற்கிறான். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்தத் தேடல். தான் கையால் மாற்றிய நூற்றுக்கணக்கான பேட்டரிகளின் ஞாபகம் அவனுக்கு வராமல் இல்லை. வரும். வந்தால் எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொள்வான்.

நாலு வருடம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை வேலை இடைவேளையில் பசியாறிக்கொண்டிருந்தபோது, கேசட் சேர்க்கிறவர்களின் போன் குரூப்பில் படம் வந்தது. போட்டவர் கார்த்திகேசு. விற்பதற்கு முன் சரக்கு அசல்தான் என்று காட்டக் கேசட்டைத் திறந்து படம் போடுவது வழக்கம். கோட்டைக் கேசட். ஒரு கையில் அட்டை, கட்டை விரல் பேட்டரியை மறைத்திருந்தது. பக்கத்தில் மல்லாத்தி வைத்த ஓடு. அதன் உட்பக்கத்தில், கோணலாக, குகன் ஹேமா 96.

ரொட்டியைத் தட்டிலேயே போட்டான். வெளியே ஓடிப்போய்க் கார்த்திகேசுவை அழைத்தான். "அண்ணே, அத யாருக்கும் குடுத்துறாதீங்க. பேட்டரில கை வைக்காதீங்க. சுவிட்சுகூட போடாதீங்க. நான் வரேன்" என்றான். அடுத்து அம்மாவை அழைத்தான். "கெடச்சிருச்சும்மா" என்று சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. அந்தப் பக்கத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம். அவளும் அழுகிறாள் என்று புரிந்துகொண்டு வைத்துவிட்டான். சூப்பர்வைசரிடம் என்ன பொய் சொன்னான் என்பது அவனுக்கே ஞாபகமில்லை.

வழியெல்லாம் அவன் திட்டம் போட்டுக்கொண்டு போனான். முதலில் இன்னொரு பேட்டரியைக் கம்பி கட்டி உயிருக்குப் பாதுகாப்புச் செய்துவிட வேண்டும். பிறகு வீட்டுக்கு வந்து, அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, நாலு பெயரையும் வாய்விட்டுப் படித்துக் காட்டிவிட்டுக் கதவைத் திறக்க வேண்டும். தோற்றால்கூடப் பரவாயில்லை. குருண் தாண்டியதும் இருபக்கமும் நெல் வயல் பச்சையாகப் போயிற்று. காடி வாங்கியதிலிருந்து முதல் தடவையாக அவன் அதில் பாட்டுப் போட்டான்.

மாடிப்படி ஏறும்போதே கார்த்திகேசு தேத்தண்ணி சொல்லியிருந்தார். கேசட்டை ஒரு சுத்தமான துணியில் சுற்றி எடுத்துவந்து மேசையில் வைத்தார். பெருமையாகவே சொன்னார், சொன்னபடி தான் எதையும் தொடவில்லை என்று. ஓட்டைத் தள்ளிவிட்டு அட்டையைத் திருப்பினான் ஹேமநாதன்.

பேட்டரியின் முகத்தில் கறுப்பு மார்க்கரில் ஆங்கில எச் எழுத்து. அதன் கீழே 14.8.16. எச்சின் நடுக்கோடு வலப்பக்கம் கொஞ்சம் ஏறியிருந்தது. பள்ளியில் வாத்தியார் திட்டியும் திருந்தாத கோடு, அவன் கையெழுத்து.

அட்டையை வெளிச்சத்தில் பிடித்து இன்னொரு தடவை பார்த்தான். பிறகு தண்ணீரில் விழுந்தவன் கையைக் காலை உதறுவதுபோல ஒரு யோசனை வந்தது. ஓடு வேறு, அட்டை வேறாகத்தானே கழுவுகிறார்? நாற்பது ஓட்டில் ஓடு மாறியிருக்கலாமே? குகன் ஓட்டுக்குள் எவனோ ஒருத்தனுடைய அட்டை வந்திருக்கலாம். குகனுடைய அட்டை இன்னும் எங்கேயாவது இருக்கலாம். கேட்டான். கார்த்திகேசுவுக்கு லேசாகக் கோபமே வந்துவிட்டது.

"என் கடையில அப்படி மாறாது தம்பி. கழட்டுறப்பவே ரெண்டுலயும் நம்பர் போட்டுருவேன். பாரு."

பார்த்தான். ஓட்டின் மூலையில் சின்னதாக 27. அட்டையின் ஓரத்தில் அதே மையில் 27. சுத்தமான வியாபாரி, சும்மா சொல்லக் கூடாது.

கடையிலிருந்த பெட்டியில் கேசட்டைச் செருகிச் சுவிட்சைப் போட்டான். சேமித்த ஆட்டத்தைக் காட்டும் மூன்று வரியில் இரண்டு காலி. முதல் வரியில் நாலு பெயர் இருந்தது: அமின், மீரா, லினா, ஸைன். பெயர்களுக்குக் கீழே, விளையாடிய நேரம் பதினொரு நிமிடம். எவனோ வாங்கிப்போய்ப் பதினொரு நிமிடம் விளையாடிவிட்டு, பிடிக்கவில்லையென்று தூக்கிப்போட்டிருக்கிறான்.

முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, என்ன விஷயம் என்று கார்த்திகேசு கேட்டார். அப்போதுதான் ஹேமநாதன் முதல் தடவையாக வெளி ஆளிடம் சொன்னான், இது தன் தம்பியுடையது என்று. காய்ச்சல், கதவு, லோரி எல்லாவற்றையும் சொன்னான். மனிதர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டு பேசினார்.

"கழுவுறப்ப இந்த எழுத்தப் பாத்தேன் தம்பி, எட்டு வருஷத்துக்கு முந்தியே. ஹேமான்னு உன் பேரு இருக்கேன்னு சிரிச்சேன். டின் அனுப்புறப்ப உன்கிட்ட சொல்லணும்னு இருந்தேன். மறந்துட்டேன். நீயும் இதத்தான் தேடுறேன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா..."

முடிக்கவில்லை. முடித்தால் மட்டும் என்ன ஆகிவிடப் போகிறது? டின் வந்தபோது கேசட் மண்ணுக்குள் இருப்பதாகத்தான் அண்ணன் நினைத்திருந்தான். தேட ஆரம்பித்தபோது நாலு வருடம் பிந்திவிட்டது. ஒரு ஆளைக் குற்றம் சொல்ல வழியில்லாதபடிக்கு எல்லாரும் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டிருக்கிறார்கள். கார்த்திகேசு கேசட்டைச் சும்மாவே கொடுத்தார், துணியோடு. வாங்கிக்கொண்டான். தேத்தண்ணி ஆறிப்போய்க் கிடந்தது.

திரும்பும் வழியில் ஓய்விடம் ஒன்றில் காடியை நிறுத்தி, அந்த ஆகஸ்ட் பதினாலை ஞாபகப்படுத்திப் பார்த்தான். ஒன்றுமே வரவில்லை. மழையா வெயிலா தெரியவில்லை. இருபத்தாறாவது அட்டையை வைத்துவிட்டு இதை எடுத்திருப்பான். இரண்டு பக்கமும் சூடு காட்டி, பேட்டரியை நெம்பியிருப்பான். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. ரேடியோ கேட்டுக்கொண்டே செய்திருப்பான், யாருக்காவது போனில் பதில் சொல்லிக்கொண்டே செய்திருப்பான். இருபது வருடம் அந்தப் பிள்ளை கதவுகிட்ட நின்றது. அண்ணன் வந்தான். வந்து, தம்பி முகத்தைக்கூடப் பார்க்காமல், அணைத்துவிட்டுப் போனான். போனதோடு விட்டானா, தேதி போட்டுக் கையெழுத்தும் வைத்துவிட்டுப் போனான். ஹேமநாதன் ஸ்டியரிங்கில் தலையை வைத்து, வாயில் கையைக் கொடுத்துக்கொண்டு அழுதான். பக்கத்தில் நிறுத்தியிருந்த மலாய்க் குடும்பம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வேறு பக்கம் போனது. தேவகி அக்காளின் மகன் பெயர் என்னவாக இருக்கும் என்று அவனுக்குத் தோன்றியது. அந்தக் கேசட்டையும் அவன்தான் துடைத்துப் புதுசாக்கிக் கொடுத்தான்.

வீடு வந்தபோது மாலை ஆகியிருந்தது. வாசலிலேயே சம்பல் வாசம். குகனுக்குப் பிடித்த நெத்திலிச் சம்பல். இருபத்தெட்டு வருடமாக அம்மா அதைச் செய்வதில்லை. அம்மா குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, கோயிலுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். வழி முழுக்க அவன் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தான், "வேற கேசட்டும்மா, நான்தான் தப்பாப் பாத்துட்டேன்" என்று சொல்ல. ஆனால் அவள் கையை நீட்டி அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"இருக்கானாடா? நான் லோரில தூக்கிப் போட்டேனே, என் புள்ள இருக்கானா?"

என்ன செய்வான்? நாலு வருடமாக அந்தக் கேள்வியை அவள் வயிற்றில் கட்டிக்கொண்டு திரிந்தாள். அழித்தது அவள் இல்லை, நான்தான் என்று சொல்லிவிட்டால் அவள் பாரம் குறையும் என்று பார்த்தால், குறையாது. இரண்டு பிள்ளைக்கும் சேர்த்து அழுவாள்.

"இருக்கான்மா" என்றான்.

கேசட்டைப் போட்டான். முதல் வரி எரிந்தது. அம்மாவுக்குத் தமிழ் படிக்க வரும்; ஆங்கில எழுத்து ஒன்றும் தெரியாது. கண்ணில் புரை வேறு. திரைக்குக் கிட்டே போய் நின்று, இதில் தான் எது என்று கேட்டாள். அவன் லினாவின் மேல் விரலை வைத்தான். அப்பா எது என்றாள். ஸைனைக் காட்டினான். அவள் புடவை முனையால் அந்த இடத்தைத் துடைத்தாள். குகன் எது என்று கேட்டபோது அவன் விரல் மீராவில் போய் நின்றது. அம்மா அந்தப் பெயரைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

பிறகு, ஆளைப் பார்க்க வேண்டும் என்றாள். பொத்தானை அழுத்தினான். ஆட்டத்தின் முதல் ஊர் வந்தது. ஒரு கிணறு, இரண்டு கோழி, ஒரு குடிசை. குடிசைக்கு முன்னால் வாள் வைத்த ஒரு பொடியன். கோட்டை இன்னும் எவ்வளவோ தூரத்தில் இருந்தது. மாதக்கணக்கில் நடந்தால்தான் போக முடியும்.

"கதவுகிட்ட நிக்கிறேன்னுல சொன்னான்?"

"தோ, அதான்மா கதவு" என்று குடிசைக் கதவைக் காட்டினான்.

அவள் பார்த்தாள். தலையை ஆட்டிக்கொண்டாள். சின்னக் கதவுதான் என்றாள், அவனே தொறந்திருப்பானே, அண்ணன் மேல அவ்வளவு பாசம் என்றாள். ஹேமநாதனால் அதற்கு மேல் நிற்க முடியவில்லை. நாளைக்குத் தொறப்போம்மா, சாப்பிட்டுப் படு என்று சொல்லிவிட்டுச் சுவிட்சுக்குக் கையை நீட்டினான். அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அமத்தாதடா. இருட்டுல நிப்பான். நீ போயி சாப்பிடு, நான் தம்பியப் பாத்துக்கிறேன்."

அவன் குசினிக்குப் போய்ச் சோறு போட்டுக்கொண்டான், மேலே நெத்திலிச் சம்பல். நடு அறையில் ஆட்டத்தின் பாட்டு முடிந்து முடிந்து மறுபடியும் முதலிலிருந்து வந்துகொண்டிருந்தது. அம்மா நாற்காலியைத் திரைக்குக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, ரகசியம் பேசுகிற குரலில், காய்ச்சல் விட்டுவிட்டதா என்று அவள் அந்தப் பொடியனிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.